பேடல் போர்டில் தவறி விழுந்தால்: முதலில் பிடிக்க வேண்டியது துடுப்பை அல்ல

போர்ட்டிக்சன், பங்கோர், லங்காவி, பத்து ஃபெரிங்கி என்று எந்தக் கடற்கரைக்குப் போனாலும் இப்போது நின்றுகொண்டே துடுப்புப் போடும் நீளமான பலகையைப் பார்க்கலாம். பேடல் போர்டு என்கிறோம். முன்பெல்லாம் தங்கும் விடுதிகளில்தான் இருக்கும். இன்று காற்றடிக்கும் போர்டு ஒன்றை இணையத்தில் சில நூறு ரிங்கிட்டுக்கு வாங்கி, சுருட்டி, காரின் பின்னால் போட்டுக்கொண்டு பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிட முடிகிறது. மோட்டார் சைக்கிள் ஓட்ட உரிமம் வேண்டும். இதற்கு ஒன்றும் வேண்டாம். பெட்டிக்குள் வரும் விளக்கத் தாளையும் யாரும் படிப்பதில்லை.

பார்க்கச் சுலபமாகத் தெரியும், உண்மையில் சுலபம்தான். அரை மணி நேரத்தில் பலரும் நிற்கப் பழகிவிடுவார்கள். சிக்கல் போவதில் இல்லை, திரும்பி வருவதில் இருக்கிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான்: ஆள் ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம் ஆகிவிடுவது. பெரியவர்கள் பயன்படுத்தும் காற்றுப் போர்டு ஒன்றின் கொள்ளளவு பொதுவாக 250 லிட்டருக்கு மேல். இரண்டு பேர் பிடித்துத் தொங்கினாலும் மூழ்காது. எந்த உயிர்காப்பு அங்கியும் அந்த அளவுக்குத் தாங்காது. ஆனால் மேலே ஆள் இல்லாத போர்டைக் காற்று காய்ந்த வாழை இலை மாதிரி அடித்துக்கொண்டு போய்விடும்.

எனக்கு இது புரிந்தது ஒரு தவறால்தான். நெகிரி செம்பிலான் கடற்கரை ஒன்றில் காலை எட்டரை மணிக்கு ஒரு போர்டை வாடகைக்கு எடுத்தேன். கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. வாடகைக்காரர் துடுப்பையும் அங்கியையும் கொடுத்தார். காலில் கட்டும் கயிற்றைக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கரையிலிருந்து இருநூறு மீட்டர் போயிருப்பேன், கால் வழுக்கி விழுந்தேன். மேலே வந்ததும் துடுப்பைத்தான் தேடிப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தால் போர்டு ஐந்து மீட்டர் தள்ளி இருந்தது. நீந்தினேன், பத்து மீட்டர் ஆனது. சின்ன வயதில் தோட்டத்து ஆற்றில் குதித்து வளர்ந்தவன்தான், இருந்தும் அதை எட்ட முடியவில்லை. அங்கி இருந்ததால் மிதந்துகொண்டு கிடந்தேன். வலை எடுத்துத் திரும்பிய ஒரு மலாய் மீனவர் என்னைச் சம்பானில் ஏற்றிக்கொண்டு, போர்டையும் பிடித்து வந்தார். அவர் அந்தப் பக்கம் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் சில இரவுகளில் யோசிப்பதுண்டு.

முதுகில் படும் காற்று

இறங்குவதற்கு முன் கடலைப் பார்த்து நில்லுங்கள். காற்று முகத்தில் அடித்தால், நீங்கள் களைத்துப் போனாலும் அது கரைப்பக்கம்தான் தள்ளும். முதுகில் பட்டால் அது உங்களைக் கடலுக்குள் கொண்டுபோகும் காற்று. இந்தக் காற்றுதான் ஏமாற்றும். கரையோர மரங்களும் கட்டடங்களும் மறைப்பதால் பக்கத்துத் தண்ணீரில் ஓர் அலையும் இருக்காது. நூறு, இருநூறு மீட்டர் தாண்டி மறைவு விலகியதும் காற்று முழுசாகப் பிடித்துக்கொள்ளும். அங்கே நின்றுகொண்டிருக்கும் உங்கள் உடம்பே பாய்மரம். தண்ணீர் அமைதியாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட மரக்கிளையும் கொடியும் எந்தப் பக்கம் ஆடுகின்றன என்று பாருங்கள்.

நம் நாட்டில் இரவில் நிலம் குளிர்ந்துவிடுவதால், விடியற்காலையிலிருந்து காலை ஒன்பது, பத்து மணி வரை நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று வீசுவது வழக்கம். வெயில் ஏறிய பிறகு கடலிலிருந்து கரைக்குத் திரும்பும். 'காலையில்தான் கடல் அமைதி' என்று நாம் நம்பிப் போகும் நேரமே இந்த நேரம். கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலமான நவம்பர் முதல் மார்ச் வரை இறங்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே வேறொரு பொறி உண்டு. அப்போது வீசும் தென்மேற்குக் காற்று நிலத்தைக் கடந்து வருகிறது. கரையில் நிற்பவருக்கு செராத்திங் கடல் அழகாகத் தெரியும், காற்றோ வெளியே தள்ளும்.

மேற்குக் கரைக்காரர்கள் அஞ்ச வேண்டியது சுமத்திரா பக்கமிருந்து திடீரென்று அடித்துவரும் சூறைக்காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் வரும். வேகம் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை போகலாம். மேற்கே அடிவானத்தில் கறுத்த மேகம் ஒரு கோடு போட்டது போல் தெரிந்து, காற்று சட்டென்று குளிர்ந்தால், படம் எடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை. வானிலைத் துறையின் மைசுவாச்சா செயலியில் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் போவது ஒரு நிமிட வேலை. மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் காற்று என்றால், புதிதாகப் பழகுபவர்கள் கரையிலேயே நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம் என்பது என் கருத்து.

இறங்கியதும் முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே கஷ்டமான பாதி முடிந்துவிடும். திரும்பும்போது காற்றே கொண்டுவந்து விடும். நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம்.

நாள்காட்டியைப் பாருங்கள்

மலாக்கா நீரிணையில் தண்ணீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கும். கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் பெரிய ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 4 மீட்டர், அதாவது ஒரு மாடி உயரத்துக்கும் மேல். அத்தனை தண்ணீரும் ஆறு மணி நேரத்தில் வெளியே போக வேண்டும். முதல் மணியில் மெதுவாக நகரும். மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டும் பாதித் தண்ணீர் ஓடிவிடும். ஆற்று முகத்துவாரத்திலும் தீவுகளுக்கு இடையிலும் அந்த நேரத்தில் துடுப்புப் போட்டு எதிர்ப்பது வீண்.

இதற்குப் பெரிய அட்டவணை கையில் இல்லாவிட்டாலும், நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டி போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் அதற்கு அடுத்த இரண்டு நாளும் ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும், நீரோட்டம் வலுக்கும். அந்த நாள்களில் முகத்துவாரங்களை விட்டுவிடுங்கள். அட்டமி, நவமியில் நல்ல காரியம் கூடாது என்பார்கள். பேடல் போர்டுக்கு அதுதான் ஓரளவு நல்ல நாள்.

காலில் ஒரு கயிறு

போர்டோடு உங்களை இணைக்கும் கயிற்றை லீஷ் என்பார்கள். கடலிலும் ஏரியிலும் கணுக்காலிலோ முழங்காலுக்குக் கீழோ கட்டிக்கொள்வது. சுருள் சுருளாக இருக்கும் வகை தண்ணீரில் இழுபடாது. இது இல்லாமல் போர்டு கொடுத்தால் வாங்காதீர்கள். வேறு கடைக்குப் போங்கள், அல்லது சொந்தமாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் முன் வெல்க்ரோ நன்றாக ஒட்டுகிறதா, கயிறு போர்டில் சேரும் இடத்து முடிச்சு தேய்ந்திருக்கிறதா என்று ஒரு முறை பலமாக இழுத்துப் பாருங்கள்.

ஓடும் தண்ணீரில் இதே கயிறு ஆளைக் கொல்லும். 2021 அக்டோபர் 30ஆம் தேதி பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் என்ற ஊரில், மழையால் பெருகியிருந்த கிளெட்டாவ் ஆற்றில் ஒரு குழு பேடல் போர்டில் போனது. குறுக்கே இருந்த தடுப்பணையில் இழுக்கப்பட்டு நான்கு பேர் உயிரிழந்தார்கள். விசாரணையில் வெளிவந்த பல குறைகளில், ஓடும் ஆற்றுக்கு ஏற்ற கயிறு அவர்களிடம் இல்லாததும் ஒன்று. பயணத்தை நடத்தியவருக்கு 2025ஆம் ஆண்டு பத்தரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நம் ஆறுகளில் தடுப்பணை குறைவு. ஆனால் விழுந்து கிடக்கும் மரம், ஜெட்டித் தூண், மீன்பிடிக் கம்பு, சதுப்பு நிலத்து மரவேர் எல்லாம் உண்டு. போர்டு ஒரு பக்கமும் நீங்கள் மறுபக்கமும் சிக்கினால், தண்ணீரின் அழுத்தத்தில் குனிந்து கணுக்காலைத் தொடவே முடியாது.

ஆற்றுக்கும் முகத்துவாரத்துக்கும் தேவை, இடுப்புப் பட்டையில் மாட்டி ஒரே இழுப்பில் கழன்றுவிடும் வகை. இழுக்கும் குமிழ் உங்கள் இரு கைக்கும் எட்டும்படி முன்பக்கம் இருக்கட்டும். கரையில் கண்ணை மூடி, வலது கையால் ஒரு தரம், இடது கையால் ஒரு தரம் கழற்றிப் பாருங்கள். அது இல்லையென்றால் ஆற்றில் இறங்க வேண்டாம்.

உயிர்காப்பு அங்கி பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. போர்டின் மேல் கட்டி வைத்த அங்கி அங்கி அல்ல. மாட்டிக்கொண்டு, இன்னொருவரைத் தோள் பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுக்கு மேல் ஏறினால் அளவு பெரிது. பிள்ளைகளுக்குக் கால்களுக்கு இடையே வரும் பட்டை கட்டாயம். இடுப்பில் கட்டும் சிறு பை போன்ற காற்று அங்கி, கயிற்றை இழுத்துத் தலையில் மாட்டினால்தான் வேலை செய்யும். பதற்றத்தில் இருக்கும் நீந்தத் தெரியாதவருக்கு அது உதவாது. ஜீன்ஸ், துப்பட்டா, நீளமான சங்கிலி இவற்றைக் காரில் விட்டுவிடுங்கள்.

போர்டுக்குக் காற்று குறைவாக இருந்தால் நடுவில் தொய்ந்து வளையும், நேராகப் போகாது. அதன்மேல் அச்சடித்திருக்கும் அளவு வரை, பெரும்பாலும் 12 முதல் 15 பிஎஸ்ஐ, கை வலித்தாலும் அடியுங்கள். சாப்பிடப் போகும்போது காற்றடித்த போர்டை வெயிலில் மணலில் போடாதீர்கள். உள்ளே காற்று சூடாகி விரிந்து ஒட்டு விட்டுப்போகும்.

மீண்டும் ஏறுவது

விழுவது தவறே அல்ல, எல்லாரும் விழுவார்கள். தடுமாறினால் போர்டைவிட்டு விலகிப் பக்கவாட்டில் சாயுங்கள். தலை முன்னால் பாயாதீர்கள், கைகளை விரித்துத் தட்டையாக விழுங்கள். கரையோரம் ஆழம் இடுப்பளவுகூட இருக்காது. மேலே வரும்போது ஒரு கையை முகத்துக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். கயிறு இழுத்து போர்டு திரும்பி வந்து அடிக்கலாம்.

அடுத்து போர்டு. கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்து அதைப் பிடியுங்கள். துடுப்பு கையில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அது மிதக்கட்டும். போர்டில் ஏறிய பிறகு போய் எடுக்கலாம். போர்டு கவிழ்ந்திருந்தால் ஓரத்தைப் பிடித்துப் புரட்டுங்கள். அலை இருந்தால், அலைக்கும் உங்களுக்கும் நடுவே போர்டு நிற்க விடாதீர்கள், அது முகத்தில் இடிக்கும். அலை வரும் பக்கத்தில் நீங்கள் இருங்கள்.

நடுவில் உள்ள கைப்பிடிக்கு நேராக வாருங்கள். துடுப்பைப் போர்டின் மேல் குறுக்காக வையுங்கள். இனிதான் பெரும்பாலோர் தவறு செய்வது: சுவர் ஏறுவது போல் நேராகத் தொங்கி எக்குவார்கள். கால் போர்டுக்கு அடியில் போய்விடும், கைதான் களைக்கும். அதற்குப் பதில் உடம்பைத் தண்ணீரின் மேல் படுக்க வையுங்கள். நீந்தும்போது போல் காலை வேகமாக அடித்து, பின்னால் மேலே கொண்டுவாருங்கள். உடம்பு மட்டமானதும், காலை அடித்துக்கொண்டே கைப்பிடியை இழுத்து, நெஞ்சைப் போர்டின் மேல் சறுக்குங்கள். எதிர் ஓரத்தை எட்டிப் பிடித்து வயிறு வரை ஏற்றிவிட்டால் மற்றது தானாக வரும். காலைத் திருப்பிப் போர்டின் நீளத்துக்குக் குப்புறப் படுங்கள். பத்து மூச்சு விடுங்கள். பிறகு மண்டியிடலாம். எழுந்து நிற்க எந்த அவசரமும் இல்லை.

உடல் கனமானவர்களுக்கும் தோளில் வலு இல்லாதவர்களுக்கும் பின்புறம் சுலபம். வால் பகுதியை இரு கையாலும் தண்ணீருக்குள் அழுத்தி, அதன்மேல் வயிற்றால் ஊர்ந்து ஏறுங்கள். அடியில் இருக்கும் துடுப்பு இறகில் கால் படாமல் பாருங்கள். அதுவும் முடியாதவர்கள், கார் கூரையில் சாமான் கட்டும் பட்டை ஒன்றை நடுக் கைப்பிடியில் கட்டி, முனையில் வளையம் போட்டு வைத்துக்கொள்ளலாம். ஏறும் நேரத்தில் மட்டும் தண்ணீரில் தொங்கவிட்டால் கால் வைக்க ஒரு படி கிடைக்கும். ஏறியதும் சுருட்டி வைத்துவிடுங்கள், காலில் சிக்கக்கூடாது.

இதை வாசித்தால் மட்டும் வராது. முதல் நாள் நெஞ்சளவுத் தண்ணீரில், அங்கியோடு, ஐந்து முறை வேண்டுமென்றே விழுந்து ஏறுங்கள். ஐந்தாவது முறையும் யார் உதவியும் இல்லாமல் ஏற முடிந்தால் ஆழத்துக்குப் போகலாம். முடியாவிட்டால் அன்று கரையோரமே போதும். மனைவி பிள்ளைகள் முன் வெட்கமாக இருக்கும் என்று இதைத் தவிர்க்கும் ஆண்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கரை வர மறுக்கும்போது

காற்று எதிர்த்தால் உடனே மண்டியிடுங்கள். துடுப்பைக் கீழே இறக்கிப் பிடித்து, சின்னச் சின்னதாக வேகமாகப் போடுங்கள். புறப்பட்ட இடத்துக்கே போக வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டாம். காற்றுக்குச் சாய்வாகப் போய் எந்தக் கரை கிடைத்தாலும் ஏறுங்கள். காரை எடுக்க நடந்து வரலாம், கிரேப் பிடித்தும் வரலாம். துடுப்பு போய்விட்டாலோ, மண்டியிட்டும் முடியாவிட்டாலோ குப்புறப் படுத்து இரு கையாலும் தண்ணீரைத் தள்ளுங்கள். துடுப்பு இருந்தால் அதை நீளவாக்கில் வைத்து அதன்மேல் படுங்கள். படுத்த உடம்பைக் காற்று அவ்வளவு பிடிக்காது.

பத்து நிமிடம் முயன்றும் கரை நெருங்கவில்லை என்றால் அப்போதே உதவி கேளுங்கள். உடம்பில் தெம்பும் வானத்தில் வெளிச்சமும் இருக்கும்போது கேட்பதுதான் உதவி கேட்பது. நீந்திப் போய்விடலாம் என்று மட்டும் போர்டை விட்டு இறங்காதீர்கள். தேடி வருபவர் கண்ணுக்குத் தண்ணீரில் ஒரு தலை தெரியாது, மூன்று மீட்டர் போர்டு தெரியும்.

கைப்பேசி நீர்புகாப் பையில், உங்கள் உடம்பில் இருக்க வேண்டும்; போர்டில் கட்டிய பையில் அல்ல. 999ஐ அழைத்துக் கடலில் என்று முதலிலேயே சொன்னால் கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்கோ போம்பாவுக்கோ தகவல் போகும். எந்தக் கடற்கரையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எத்தனை பேர், போர்டு என்ன நிறம், எந்தப் பக்கம் அடித்துப் போகிறது என்பதைச் சொல்லுங்கள். கரையில் உள்ளவருக்கு வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை அனுப்புங்கள். கைப்பேசி இல்லாவிட்டால் போர்டில் உட்கார்ந்து இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாகத் தலைக்கு மேல் உயர்த்தித் திரும்பத் தாழ்த்துங்கள். கடலோடிகள் உலகெங்கும் அறிந்த ஆபத்துச் சைகை இது. ஒரு கையை மட்டும் ஆட்டினால் டாட்டா காட்டுவதாக நினைத்துப் பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போவார்கள். அங்கியில் ஒரு விசில் கட்டியிருந்தால் குரலைவிட அது தூரம் போகும்.

கயிறு அறுந்து போர்டும் போய்விட்டால், சில வீச்சில் எட்டவில்லை என்றதும் துரத்துவதை நிறுத்துங்கள். நான் செய்யாதது இது. மல்லாந்து, காது தண்ணீரில் படும்படி தலையைப் பின்னால் சாய்த்து, கைகாலை மெல்ல அசைத்து மூச்சு சீராகும் வரை மிதங்கள். அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

பிள்ளையை முன்னால் உட்கார வைத்துப் போகிறவர்கள் கவனிக்க: விழுந்தால் பிள்ளையைத்தான் பிடிப்பீர்கள், அப்படித்தான் பிடிக்கவும் வேண்டும். அப்போது போர்டு ஓடாமல் வைத்திருப்பது உங்கள் காலில் உள்ள கயிறு மட்டுமே. பிள்ளையை முதலில் ஏற்றிவிட்டு, பின்னால் நீங்கள் ஏறுங்கள்.

இன்னொருவர் ஏற முடியாமல் தவித்தால், அவர் போர்டைக் கவிழ்த்து, அவரை ஒரு பக்கத்திலிருந்து இரு கையையும் அதன்மேல் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் எதிர்ப்பக்கம் நின்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பக்கத்து ஓரத்தில் முழங்காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தால், போர்டு புரண்டு ஆளையும் மேலே தூக்கிக்கொண்டு வரும். மயங்கியவரையும் இப்படி ஏற்ற முடியும். மூழ்குகிறவரைக் கண்டு கரையிலிருந்து வெறும் கையோடு குதிப்பது மட்டும் வேண்டாம். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போன செய்தியை இதே பக்கங்களில் எத்தனை முறை படித்திருக்கிறோம். போர்டையோ, மூடிய காலி எண்ணெய்த் தோம்பையோ அவரிடம் தள்ளுங்கள். கரை சேர்ந்தவர் மூச்சு விடாவிட்டால் நெஞ்சை அழுத்துவதோடு வாய்வழி மூச்சும் தர வேண்டும். பேசுகிறார், ஆனால் இருமிக்கொண்டே இருக்கிறார் என்றால் வீட்டுக்கு அல்ல, மருத்துவமனைக்கு.

இன்னும் சில. இடி கேட்டால் உடனே கரை. கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் வரை மீண்டும் இறங்காதீர்கள். லங்காவி, பங்கோர் பக்கம் பெட்டி ஜெல்லி மீன் உண்டு. கொட்டினால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், சமையல் வினிகரை அரை நிமிடம் ஊற்றி மருத்துவமனைக்குப் போங்கள். பழைய ஈயக்குட்டைகளில் கரையிலிருந்து இரண்டு அடி வைத்தால் பாதாளம், விளிம்பு மண்ணும் சரியும். நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலரை வாங்கிய தண்ணீர் அது. போர்டு இருக்கிறது என்ற தைரியத்தில் அங்கே போக வேண்டாம்.

கரையில் ஒருவரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டினால் 999ஐ அழைக்க வேண்டியவர் அவர். போர்டின் மேல் உங்கள் பெயரையும் கரையில் இருப்பவரின் கைப்பேசி எண்ணையும் அழியாத மையில் எழுதி வையுங்கள். போர்டு மட்டும் காற்றில் போய் நீங்கள் பத்திரமாகக் கரை ஏறிவிட்டால், அன்றே போலீசுக்கோ கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்கோ தெரிவித்துவிடுங்கள். ஆளில்லாத போர்டு ஒன்றைக் கடலில் கண்டெடுத்தால், அவர்கள் அதில் போனவரைத்தான் தேட ஆரம்பிப்பார்கள்.